இருட்டக்காவும் ஆபீசரின் முன்னங்காலும்

அவளுடைய ஆய்வறைக்குள் நுழைகிறவர் யாராக இருந்தாலும் முதலில் சுவரைத்தான் கும்பிட வேண்டும். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, சுவரைத் தடவித் தடவி நகர்ந்து, மேசை முனை வயிற்றில் இடித்ததும் நின்று, "அக்கா, இருக்கீங்களா?" என்று கேட்க வேண்டும். "இருக்கேன். அப்படியே அசையாம நில்லுங்க. உங்க முழங்கைக்குப் பக்கத்துலதான் இந்த மாசம் நான் செஞ்ச வேலை மொத்தமும் இருக்கு" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வரும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே, சொந்தக் கை சொந்த மூக்கைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை அவளுடைய பேராசிரியர் அந்த அறையில் யாரோ கழற்றிவைத்த கண்ணாடியைத் தன்னுடையது என்று எண்ணி மாட்டிக்கொண்டு போய், மாலைவரை தன் மனைவி உட்பட எல்லோரும் இளைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாராம். அன்றைக்கு அவர் வீட்டில் ஏகப்பட்ட மரியாதை.

அதனால்தான் அவளுக்கு இருட்டக்கா என்று பெயர். எனக்கு அவள் ஓரகத்தியின் மருமகள். ஓரகத்தியின் மருமகளைப் புகழ்ந்து எழுதுவது லேசுப்பட்ட காரியமில்லை. அங்கே இங்கே ஓரகத்தியையும் புகழ வேண்டி வந்துவிடும். முடிந்தவரை தவிர்த்துக்கொள்கிறேன்.

இருட்டக்காவின் வேலை பொடி செய்வது. முகத்துக்கும் பல்லுக்கும் போடுகிற பொடி அல்ல. புற்றுநோய்க் கட்டிக்குள் போய் உட்காருகிற பொடி. சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்டில் டைட்டானியம் டை ஆக்சைடு என்று ஒன்று இருக்கிறதே, அதைத் துகள் துகளாக்கி, அதன் மேல் இன்னொரு பொருளை ஒட்டவைத்து, ரத்தத்தில் போனால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மேலே சர்க்கரை வகையில் ஒரு போர்வையும் போர்த்திவிடுவாள். ஒரே துகளுக்குள் மூன்று பொருள் கூட்டுக் குடித்தனம். தனித்தனியாக ஒன்றுக்கும் ஆகாத மூன்று பேர் ஒரே வீட்டில் சேர்ந்தால் தெருவையே கலக்கிவிடுவதில்லையா, அதே கணக்குத்தான். துகள் எவ்வளவு சிறியது என்று கேட்டால், ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஆயிரம் துகள்கள் தோளோடு தோள் உரச நிற்கலாம். பேன் பார்த்துப் பழகிய கண்ணெல்லாம் அங்கே செல்லாது.

இந்தத் துகள் கட்டிக்குள் சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து அல்ட்ராசவுண்டைக் காட்டினால் விழித்துக்கொள்ளும். அல்ட்ராசவுண்ட் என்பது வேறொன்றுமில்லை, வயிற்றில் ஜெல் தடவிப் பிள்ளையின் முகம் பார்க்கிறார்களே, அதே ஒலிதான்; இங்கே கொஞ்சம் பலமாக, ஒரே இடத்தைக் குறிவைத்து. விழித்த துகள் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனை உசுப்பிவிடும். உசுப்பிவிடப்பட்ட ஆக்சிஜன் கண்மண் தெரியாமல் அருகிலுள்ள செல்லைக் கடித்துக் குதறும். ஒலியை நிறுத்தினால் துகள் மறுபடியும் தூங்கிவிடும். ஒலி படாத இடத்தில் ஒரு வம்பும் இல்லை. வேண்டிய இடத்தில் மட்டும் சண்டை போட்டு, போதும் என்றதும் வாயை மூடிக்கொள்கிற பிறவியை நம் குடும்பங்களில் நான் பார்த்ததில்லை. அவள் சோதனைக் குழாயில் உண்டாக்கப் பார்த்தாள்.

அவள் புருஷன் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறவன். வெளிச்சத்தை வைத்துப் பிழைக்கிறவனுக்கு இருட்டை வைத்துப் பிழைக்கிறவள் வாய்த்தாள். அவன் அம்மா, அதாவது என் ஓரகத்தி, அவர்களோடுதான் இருக்கிறாள். ஓரகத்திக்கு இந்த உலகத்தில் பிடித்தது ஒன்றே ஒன்று, அது ஆபீசர். ஆபீசர் என்பது நாய். தினமும் காலையில் தெருவில் இறங்கி, ஒவ்வொரு வீட்டு கேட்டிலும் முன்னங்காலைத் தூக்கி வைத்து, உள்ளே எட்டிப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து சாப்பிடும். அந்த உத்தியோகத்துக்கு வைத்த பெயர்.

அந்த முன்னங்காலில்தான் கட்டி வந்தது. மணிக்கட்டு மூட்டுக்குக் கொஞ்சம் மேலே, முதலில் கொட்டைப்பாக்கு அளவுக்கு. கால்நடை மருத்துவமனை டாக்டரம்மா ஊசியால் குத்திப் பார்த்து, புற்றுதான் என்றாள். மெதுவாக வளர்கிற வகை, வேறெங்கும் பரவவில்லை, ஆனால் அந்த இடத்தில் தசையே கிடையாது. கட்டியைச் சுற்றி நல்ல சதையையும் சேர்த்து எடுத்தால்தான் திரும்ப வராது, அப்படி எடுக்க அங்கே சதைக்கு எங்கே போவது? காலைத் தோளோடு எடுத்துவிடுவதுதான் வழக்கம்.

"மூணு கால்ல நாய்ங்க நல்லாவே ஓடும்மா. பயப்படாதீங்க" என்றாள் டாக்டரம்மா.

"அப்படியா? நீங்க ஒத்தக் கால்ல எங்க தெருவை ஒரு சுத்து சுத்திட்டு வாங்க டாக்டர். அப்புறம் சரின்னு சொல்றேன்" என்றாள் ஓரகத்தி.

டாக்டரம்மாவுக்கும் இருட்டக்காவின் ஆய்வகத்துக்கும் முன்பே பேச்சு நடந்துகொண்டிருந்தது. சோதனைக் கிண்ணங்களில் சரியாக வந்தால், கட்டி வந்த வளர்ப்பு நாய்களில் சோதிக்கலாம் என்று. கட்டி சுருங்கினால் காலை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுக்க இடம் கிடைக்கும். ஆபீசரை வரிசையில் முதல் ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். அதுவரை மருமகளின் உத்தியோகத்தைப் பற்றி யார் கேட்டாலும் "ஏதோ பவுடர் கம்பெனி" என்று சொல்லிவந்த ஓரகத்தி, அன்று மாலையே தெருவில் இறங்கி, தன் மருமகள் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டாள் என்று ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தாள். நாயைவிட வேகமாகச் சுற்றினாள் என்று கேள்வி.

அப்போது இருட்டக்காவுக்கு அந்தப் பெயர் வரவில்லை. அவள் அறை மற்ற அறைகளைப் போலத்தான், பெரிய ஜன்னலும் ட்யூப் லைட்டுமாகப் பளிச்சென்று இருந்தது. அன்றைய பொடியில் டைட்டானியத்தின் மேல் ஒரு சாயத்தை ஏற்றியிருந்தாள். புற்றுச் செல்களைச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் வளர்த்து, பொடியைக் கலந்து, தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒவ்வொன்றாக வைத்து அல்ட்ராசவுண்ட் கொடுப்பாள். மறுநாள் எண்ணிப் பார்த்தால் செல்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக் கிடக்கும். ஒப்பிட்டுப் பார்க்கப் பொடி மட்டும் போட்டு ஒலி காட்டாத கிண்ணங்களும் உண்டு. அவை அலமாரிக்குள் பத்திரமாக இருக்கும். அவற்றில் எல்லாச் செல்லும் சௌக்கியம். இதைவிடத் தெளிவான முடிவு வேண்டுமா? கட்டுரை எழுதியாயிற்று. நாய்க்கு அனுமதி கொடுக்கிற குழுவும் கையெழுத்துப் போட்டாயிற்று.

கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று செய்த சோதனை, செய்ததிலேயே அருமையாக வந்தது. பேராசிரியர் தானே வந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "பிரமாதம்! ஒண்ணு கூட மிச்சமில்ல" என்று கை தட்டினார். பக்கத்து அறைக்காரர்களும் வந்து தட்டினார்கள். அவர்கள் போனபின், தொட்டித் தண்ணீரை மாற்றலாம் என்று தொட்டியை நகர்த்தினாள். பின்பக்கம் ஒரு வயர் அறுந்த கொடி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. இயந்திரத்திலிருந்து தொட்டிக்கு ஒலியைக் கொண்டுபோகிற வயர்.

ஒலிக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் ஒருவர் உண்டு. சத்தமே போடாத மனிதர் என்பதால் அவருக்குச் சத்தக்காரர் என்று பெயர். அவரிடம் போனாள்.

"என் தொட்டி வயரைக் கழட்டினது நீங்களா?"

"ஆமாக்கா. வேற ஒரு அளவு எடுக்க வேண்டியிருந்துது."

"எப்ப?"

"நேத்துக் காலைல. ஏன், உங்களுக்குத் தேவைப்பட்டுச்சா?"

சோதனை செய்தது நேற்று மத்தியானம். இயந்திரம் பாட்டுக்குத் திரையில் எண்களைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது, பாவம், வயர் போனது அதற்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு ஒரு துளி ஒலி கூடத் தொட்டிக்குள் போகவில்லை. செல்கள் மட்டும் வழக்கம்போலச் செத்துப்போயிருந்தன.

அவள் தன் அறைக்குத் திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தாள். ஒலி காட்டுகிற கிண்ணங்கள் தொட்டிக்குப் பக்கத்தில், ஜன்னலோரம், ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே முறைக்காகக் காத்திருக்கும். ஒலி காட்டாத கிண்ணங்கள் அலமாரிக்குள், இருட்டில். அதுதான் வித்தியாசம். சாயம் ஏறிய அந்தப் பொடி வெளிச்சத்துக்கு விழித்துக்கொள்கிற ஜாதி. இத்தனை நாளும் கொன்றது ஒலியல்ல, வெளிச்சம். அலமாரியில் பத்திரமாக வைக்க வேண்டும் என்கிற அவளுடைய ஒழுங்குதான் அவள் கண்ணைக் கட்டியிருக்கிறது.

கொன்றது யாராக இருந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். வெளிச்சத்தால் உடம்புக்குள் அதிக தூரம் போக முடியாது. டார்ச்சை உள்ளங்கையில் அழுத்தினால் சிவப்பாக ஒரு மினுக்கு வரும், அதோடு சரி. ஆழத்தில் இருக்கிற கட்டிக்குப் போய்ச் சேர ஒலியால்தான் முடியும். அதற்காகத்தானே இத்தனை பாடும். கிண்ணத்தில் வெளிச்சத்தால் வேலை செய்த பொடி ஆபீசரின் காலுக்குள் போய்ச் சுகமாகத் தூங்கிக்கொண்டிருக்கும். கட்டி அது பாட்டுக்கு வளரும்.

வயர் தொங்கியதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். சத்தக்காரர் விஷயம் புரியாமலேயே டீ குடிக்கப் போய்விட்டார். வயரை மாட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நானாக இருந்தால் வயரை மாட்டிவிட்டு, கைதட்டலை இன்னொரு தடவை கேட்டு வாங்கியிருப்பேன். அவள் அந்த வயரை அப்படியே தொங்கவிட்டுவிட்டு நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனாள்.

அவர் முழுவதையும் கேட்டார். மேசை மேலிருந்த பேனா மூடியைத் திருகித் திருகி மூடினார். அது முன்பே மூடித்தான் இருந்தது.

"நிச்சயமாத் தெரியுமா? வேற காரணம் எதுவும் இருக்க முடியாதா?"

"இருட்டுல ஒரு தடவை செஞ்சு பாத்துடலாம் சார். ஆனா எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"உங்க வீட்டு நாய்தான வரிசைல முதல்ல நிக்குது?"

"ஆமா சார்."

"வீட்டுல சொல்லியாச்சா?"

"முதல்ல உங்ககிட்ட வந்துட்டேன். நீங்க சுலபம் சார்."

அவர் சிரித்துவிட்டார். அதற்காகவே அவருக்கு மேலுலகத்தில் ஒரு நல்ல நாற்காலி போடுவார்கள். இருட்டில் செய்து பார்த்தார்கள். ஒலி காட்டிய கிண்ணங்களில் செல்கள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன. பேராசிரியர் அன்றே கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அனுமதி வேண்டாம் என்று குழுவுக்கும் அவரே சொன்னார். ஆபீசரின் முறை ரத்து.

வீட்டில் நடந்தது வேறு. ஓரகத்தி கத்தவில்லை, அழவில்லை, மருமகளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நாயிடம் பேசத் தொடங்கினாள், மருமகள் காதில் விழுகிற தூரத்தில்.

"சாப்பிடுடா ஆபீசர். கால் இருக்கும்போதே நல்லா நடந்துக்கோ. மருந்து தர்றேன்னு சொன்னவங்களுக்கு மனசு மாறிப்போச்சாம். ஏன்னு கேளு. வயர் கழண்டுபோச்சாம். ஏண்டா, நம்ம வீட்டு மிக்ஸில வயர் கழண்டா நாம மறுபடி மாட்டி அரைக்கறதில்லையா?"

மருமகளும் நாய் பக்கம் திரும்பினாள். "ஆபீசர், அத்தைகிட்ட சொல்லு. வயர் கழண்ட மிக்ஸி அரைச்சுடுச்சு. அதுதான் பிரச்சனை."

ஓரகத்தி கொஞ்ச நேரம் யோசித்தாள். நாயும் யோசிப்பதுபோல இருவரையும் மாறிமாறிப் பார்த்தது.

"அப்போ மிக்ஸில பேய் இருக்குன்னு சொல்றாளா, கேளுடா."

"பேய் இல்ல ஆபீசர், வெளிச்சம். ரூம் வெளிச்சம்தான் அரைச்சிருக்கு. உன் காலுக்குள்ள ரூம் வெளிச்சம் வராது."

"எல்லாம் எனக்குப் புரியுது. புரிஞ்சா கால் நிக்குமா? அதைக் கேளு."

 மருமகள் எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு ஆய்வகத்துக்குக் கிளம்பினாள். டாக்டரம்மா ஏற்கெனவே கெடு வைத்துவிட்டாள்: கட்டி மூட்டு மடிப்பைத் தொடும்வரை பொறுப்பேன், தொட்டுவிட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் காலை எடுத்துவிடுவேன். கட்டிக்கும் மடிப்புக்கும் இடையில் அப்போது இரண்டு விரல் இடம் இருந்தது.

அன்றிலிருந்துதான் இருட்டு. புருஷனின் ஸ்டூடியோவுக்குள் நுழைந்து, அங்கே தொங்கிய கறுப்புத் துணிகள் அத்தனையையும் உருவிக்கொண்டு போய் ஜன்னலை மூடினாள். கதவிடுக்கில் சுருட்டி அடைத்தாள். இயந்திரங்களின் பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு எல்லாவற்றின் மேலும் கறுப்பு ஒட்டுத்தாள். ஸ்டூடியோவில் பின்னால் கட்டத் துணி இல்லாமல் அவன் வீட்டுப் படுக்கை விரிப்பைக் கட்டினான். அந்த வட்டாரத்தில் பல பேருடைய அடையாள அட்டையில் இன்றைக்கும் தலைக்குப் பின்னால் இரண்டு கிளி இருக்கும். நம்பாதவர்கள் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

"நான் படம் எடுக்கணும்னா வெளிச்சம் வேணும், உனக்கு வேலை நடக்கணும்னா இருட்டு வேணும். நமக்கு யாரு ஜாதகம் பாத்தது?" என்று அவன் கேட்டான்.

"உங்க அம்மா."

"அதான் இப்ப பேச மாட்டேங்கறாங்க."

சாயத்தைத் தூக்கி எறிந்துவிட்டாள். வெறும் டைட்டானியத்தை ஒலியால் எழுப்ப முடியுமா? முடியும், ஆனால் பாதிதான். ஒலி பட்டதும் துகளுக்குள் இருக்கும் எலக்ட்ரான் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பும். கிளம்பிய எலக்ட்ரான் வெளியே போய் ஆக்சிஜனைக் கிளறிவிட வேண்டும். ஆனால் கோபமெல்லாம் வாசற்படி வரைதான், தெருமுனைக்குக்கூடப் போகாமல் வீட்டுக்குத் திரும்பிவிடும். அதைத் திரும்பவிடாமல் பிடித்துவைக்க ஒரு சித்தி வீடு தேவை. அதற்குத்தான் தங்கம். துகளின் மேல் பொட்டுப் பொட்டாகத் தங்கத்தை வைத்தால், கோபித்துக்கொண்டு வந்த எலக்ட்ரானை அந்தத் தங்கப் பொட்டு "வா, உட்காரு, என்ன நடந்துது சொல்லு" என்று நிறுத்திவைத்துக்கொள்ளும். அதற்குள் வெளியே கலகம் ஆரம்பமாகிவிடும்.

தங்கம் என்ற சொல் வீட்டுக்குள் வந்ததும் ஓரகத்தியின் காது நிமிர்ந்தது. "கேட்டியாடா ஆபீசர், உனக்குத் தங்கம் போடறாங்களாம். இந்த வீட்டுல எனக்கு ஒரு மூக்குத்தி மாத்தித் தர ஆளில்ல."

முதலில் தங்கம் அதிகமாகிவிட்டது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, காபி வண்டல் மாதிரிக் குழாயின் அடியில் போய் உட்கார்ந்தன. குறைத்தாள், எலக்ட்ரான் வீட்டுக்கு ஓடிவிட்டது. கூட்டினாள், வண்டல். சர்க்கரைப் போர்வையை முதலில் போர்த்திவிட்டுப் பொட்டு வைத்துப் பார்த்தாள், பொட்டு உதிர்ந்தது. பொட்டு வைத்துவிட்டு, சூடு ஆறும்வரை பொறுத்து, பிறகு போர்த்தினாள். அடுப்பிலிருந்து இறக்கின பிள்ளையை, சே, பாத்திரத்தைப் பிள்ளையைப்போலப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் நின்றாளோ. தொட்டித் தண்ணீரிலும் ஒரு தொல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று குமிழாகி ஒலியை மறிக்கும். அதனால் முதல் நாளே காய்ச்சி, மூடி ஆறவைத்து, சிந்தாமல் அலுங்காமல் ஊற்ற வேண்டும். வெந்நீர் வைக்கிறதுக்குப் போய் இத்தனை படிப்பா என்று ஓரகத்தி நாயிடம் ஆச்சரியப்பட்டாள்.

இன்னொரு ஏற்பாட்டையும் அவள் செய்தாள். எல்லாச் சோதனையையும் இரண்டு முறை செய்வாள், வயரோடு ஒன்று, வயர் இல்லாமல் ஒன்று. எது எந்த முறை என்று அவளுக்கே தெரியக் கூடாது. சத்தக்காரர் கறுப்புத் துணிக்கு அடியில் கையை விட்டு, மாட்டுவாரோ கழற்றுவாரோ, வாயைத் திறக்க மாட்டார். மறுநாள் அவள் செல்களை எண்ணி, முடிவைச் சொன்ன பிறகுதான் அவர் தன் பங்கைச் சொல்ல வேண்டும்.

"இதுல எல்லாம் செத்துருக்கு. வயர் இருந்துதா?"

"இருந்துது."

"இதுல எல்லாம் உயிரோட இருக்கு."

"அதுல வயர் இல்லக்கா. கழட்டிட்டேன்."

"இதுல?"

"நீங்க சொல்லுங்க முதல்ல."

"உயிரோட."

"கழட்டினதுதான்." சத்தக்காரர் அதுவரை வாழ்க்கையில் பேசியதைவிட அந்த மாதத்தில் அதிகம் பேசிவிட்டார். எண்ணுகிற ஒவ்வொரு தடவையும் வயரும் சாவும் சேர்ந்தே வந்தன. பளிச்சென்று விளக்குப் போட்டுச் செய்தாலும் வயர் இல்லாவிட்டால் செல்கள் சௌக்கியம். பொடி இப்போது ஒலிக்கு மட்டும்தான் எழுந்தது. இந்தத் தடவை எலிகளிலும் செய்து பார்த்தாள், அதுவே நடந்தது. குழு மறுபடி கூடிக் கையெழுத்துப் போட்டபோது ஆபீசரின் காலில் ஒரு விரல் இடம்கூட மிச்சமில்லை. சுண்டுவிரல் நகம் அளவு இருந்தது.

மருத்துவமனையில் டாக்டரம்மா ஆபீசருக்கு லேசாக மயக்கம் கொடுத்து, முன்னங்காலின் முடியை வழித்து, சாம்பல் நிறப் பொடிக் கரைசலைக் கட்டிக்குள் ஊசியால் ஏற்றினாள். அடுத்து இருட்டக்கா திரையை இழுத்து, விளக்கை அணைத்துவிட்டாள்.

"இந்தப் பொடிக்குத்தான் வெளிச்சம் ஒண்ணும் பண்ணாதே. அப்புறம் எதுக்கு அணைக்கறீங்க?" என்றாள் டாக்டரம்மா.

"நாளைக்குக் கட்டி சுருங்கினா ஜன்னல் நான்தான் பண்ணேன்னு பங்கு கேக்கும் டாக்டர்."

ஓரகத்தி நாயின் தலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஜெல் குப்பியைக் குலுக்கப் போனவளின் கையை மருமகள் பிடித்தாள். "குலுக்காதீங்க அத்தை, குமிழ் வந்துடும். காத்து இருந்தா ஒலி உள்ள போகாது." தொடுகிற உரிமையோடு தொட்டதாலோ, இருட்டில் முகம் தெரியாததாலோ, ஓரகத்தி மாதக்கணக்கில் முதல்முறையாக நாயை விட்டுவிட்டு நேராக மருமகளைக் கேட்டாள்.

"இதுக்குக் காதுல கேக்குமா? பயந்துக்காதா?"

"இல்ல அத்தை. இது நாய்க்குக் கேக்கற அளவையும் தாண்டின சத்தம். யாருக்குமே கேக்காது."

"அப்போ வீட்டுல நான் சொல்ற பேச்சு மாதிரின்னு சொல்லு."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கியதில் கருவி நகர்ந்துவிட்டது, மறுபடி சரியாக வைத்தாள்.

சில நாட்கள் விட்டு இன்னொரு முறை, அதற்குப் பிறகு ஒரு முறை. கட்டியை அளக்கிற நாளில் இருட்டக்கா அறைக்குள் போகக் கூடாது. சொந்த வீட்டு நாய் என்பதால் அந்த விதியை அவளே கேட்டு வாங்கியிருந்தாள். டாக்டரம்மாவும், பொடியைப் பற்றி ஒன்றுமே தெரியாத இன்னொரு டாக்டரும் தனித்தனியாக அளப்பார்கள். மாமியாரும் மருமகளும் வெளியே நீள பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஆபீசரின் வால் மட்டும் தெரிந்தது.

"நீதான செஞ்ச? உனக்கே தெரியாதா?" என்றாள் ஓரகத்தி.

"நான் பாத்தா சின்னதாத்தான் தெரியும் அத்தை. ஆசை இருக்கில்ல."

"எனக்கும் சின்னதாத்தான் தெரியுது."

"அதான் நம்ம ரெண்டு பேரையும் வெளிய உக்கார வச்சிருக்காங்க."

"சுருங்கலேன்னா?"

மருமகள் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "காலை எடுத்துடுவாங்க. நான் திரும்பப் போய் முதல்லேருந்து பாப்பேன்."

"அன்னிக்கே அந்த வயரைப் பத்தி யாருக்கும் சொல்லாம இருந்திருந்தா?"

"ஊசி போட்டிருப்பாங்க. ஒண்ணும் ஆகியிருக்காது. மருந்து கிடைச்சிடுச்சுன்னு நாம நம்பிட்டு இருந்திருப்போம், கட்டி மூட்டைத் தாண்டியிருக்கும்."

 ஓரகத்தி தன் பையைத் திறந்து, தண்ணீர்க் குப்பியை எடுத்து, மூடியைத் திறந்து மருமகளிடம் நீட்டினாள். அவளைப் பற்றி நல்லதாக எழுதுவதைத் தவிர்ப்பேன் என்று சொல்லியிருந்தேன்; ஆனாலும் அதை எழுதாமல் விட முடியவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்தபோது கையுறையைக்கூடக் கழற்றவில்லை. "ரெண்டு பேர் அளவும் ஒண்ணுதான். பாதிக்கு மேல சுருங்கியிருக்கு. மூட்டுக்கும் கட்டிக்கும் நடுவுல இப்ப என் கத்தி போக இடம் இருக்கு. கட்டியை மட்டும் எடுத்துடலாம்."

"கால்?" என்றாள் ஓரகத்தி.

"கால் அது கிட்டயே இருக்கட்டும்."

எடுத்தார்கள். எடுத்த சதையின் ஓரங்களைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஓரங்களில் நோய் இல்லை என்று வந்தது. மாதா மாதம் காட்ட வேண்டும், திரும்ப வந்தால் பார்த்துக்கொள்வோம் என்று டாக்டரம்மா சொன்னாள். பேராசிரியர் துறைக் கூட்டத்தில் இருட்டக்காவைப் பேசச் சொன்னார். அவள் எழுந்து, "ஒரு நாய், ஒரு கட்டி. இதுக்கு மேல இப்ப எதுவும் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம். இந்தத் தடவை கைதட்டல் வருவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வந்தபின் நிற்கவும் நேரம் பிடித்தது. பிற்பாடு நுண்ணோக்கிக் கண்ணாடியில் கீறல் விழுந்ததற்கு அந்தக் கைதட்டல்தான் காரணம் என்று சத்தக்காரர் சாதிக்கிறார்.

மகன் வழியாக விஷயம் ஓரகத்திக்குப் போய்ச் சேர்ந்தது. சாப்பாட்டு மேசையில் மருமகளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நாய்னு சொன்னியா?"

"ஒண்ணுதான அத்தை?"

"ஒண்ணுன்னா நம்ப மாட்டாங்களா?"

"நம்பக் கூடாது. நானே நம்பக் கூடாது."

"எத்தனை வேணும் உனக்கு?"

"நிறைய வேணும். எல்லாத்துக்கும் இதே மாதிரி வருதான்னு பாக்கணும். அப்புறம்தான் மனுஷங்களைப் பத்தி யோசிக்கவே முடியும்."

மறுநாளிலிருந்து ஓரகத்தி கால்நடை மருத்துவமனையின் காத்திருக்கும் கூடத்தில் போய் உட்கார ஆரம்பித்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு ஆபீசர் பக்கத்தில் படுத்திருக்கும். வருகிற நாய்களையெல்லாம் காலிலிருந்து காதுவரை கண்ணால் தடவுவாள். நல்ல ஆரோக்கியமான நாயாக இருந்தால் அவள் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும்; அதற்காக இரண்டு பேர் டாக்டரம்மாவிடம் புகார் சொல்லியிருக்கிறார்கள். டாக்டரம்மா அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். ஒரு நாள் முடி திருத்துகிறவர் ஒருவர், தோளில் கட்டி வந்த வயதான நாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். நாய் அவர் சட்டையில் முகத்தைப் புதைத்திருந்தது.

ஓரகத்தி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். "உக்காருங்க தம்பி. என் மருமக உள்ளதான் இருக்கா. கூப்பிடறேன். ஆனா ஒண்ணு, கண்டிப்பா சரியாயிடும்னு அவ சொல்ல மாட்டா. நீங்களும் கேக்காதீங்க."